வீட்டில் விடுமுறை என்றால் யாருக்கு விடுமுறை?

"வீட்டில்தானே இருந்தீர்கள், நல்ல ஓய்வாக இருந்திருக்குமே" என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். அன்போடு கேட்ட கேள்விதான். ஆனாலும் அது என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு கூரைப் பழுது பயணத்துக்கு வைத்திருந்த பணத்தை விழுங்கிவிட்டது. கடன் வாங்கிப் போக வேண்டாம், விடுமுறையை வீட்டிலேயே கழிப்போம் என்று எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் குறை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து விளையாடினார்கள். கணவர் நிறையப் படித்தார், பகலில் தூங்கினார். நான் மட்டும் விடுமுறைக்கு முன் என்ன உடம்போடு இருந்தேனோ அதே உடம்போடு அலுவலகத்துக்குத் திரும்பினேன். ஒரே கூரையின் கீழ், ஒரே நாட்களில், மூன்று பேருக்கு விடுமுறை கிடைத்து ஒருத்திக்குக் கிடைக்காமல் போவது எப்படி என்ற கேள்வியை அதன்பிறகு என்னால் கீழே வைக்க முடியவில்லை.

ஊருக்குப் போவதென்றால் எவ்வளவு முன்கூட்டியே யோசிக்கிறோம். டிக்கெட், தங்குமிடம், எந்தப் பையில் எது, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, சாவியை யாரிடம் கொடுப்பது என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். வீட்டில் இருப்பதென்றால் திட்டம் என்ற பேச்சே எழுவதில்லை. "வீட்டில் இருப்பதற்கு எதற்குத் திட்டம்?" என்பார்கள். வெளியூர்ப் பயணம் நமக்குக் கொடுப்பது மலையையும் கடலையும் மட்டும்தான் என்று நினைப்பதால் வருகிற பேச்சு இது. விடுதி அறைக்கு நாம் கொடுக்கும் வாடகையில் பெரும்பகுதி என்னவென்று யோசித்துப் பாருங்கள். வேறொருவர் படுக்கையை விரிக்கிறார், வேறொருவர் சமைக்கிறார், தட்டைக் கழுவுகிறார், குளியலறையைத் தேய்க்கிறார். நாம் விலைகொடுத்து வாங்குவது அந்த உழைப்பை. வீட்டிலேயே தங்கினால் அந்தப் பணம் மிச்சமாகிறது, சரி. அந்த உழைப்பு எங்கும் போய்விடுவதில்லை. எல்லோரும் நாள் முழுவதும் வீட்டில் இருப்பதால் முன்பைவிட அதிகமாகி, கூலியே இல்லாமல் ஒருவர் தலையில் இறங்குகிறது. செலவில்லாத விடுமுறை என்று நாம் பெருமையாகச் சொல்வதில் யாருடைய உழைப்பு கணக்கில் வராமல் போனது என்று கேட்காமல் அடுத்த விடுமுறைக்குள் நுழையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சட்டம் கொடுத்தது நாட்களை

சம்பளத்தோடு விடுமுறை என்பது மிகப் பழைய விஷயம் ஒன்றும் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1936-இல்தான் அதற்கென ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்குக் குறைந்தது 6 வேலை நாட்கள் என்பது அதன் அளவு. அதே ஆண்டில் பிரான்ஸில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானது. கையில் நாட்கள் வந்துவிட்டன, பயணத்துக்குக் காசு இல்லை என்ற நிலைமையைப் பார்த்து, அரசு 40 சதவீதக் கழிவில் ரயில் டிக்கெட்டும் கொடுத்தது. 1948-இல் ஐ.நா. வெளியிட்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவு, ஓய்வையும் குறித்த காலத்துக்கொருமுறை சம்பளத்தோடு கூடிய விடுமுறையையும் எல்லோருக்கும் உரிய உரிமையாகச் சொல்கிறது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். போராடி வாங்கப்பட்டவை நாட்கள். எங்கேயாவது போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதே சமயம், சட்டம் விடுவிப்பது ஆலையிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும்தான். அடுப்படியிலிருந்து விடுவிக்க அதற்குக் கை எட்டவில்லை. அந்தச் சட்டத்தை ஒவ்வொரு வீடும் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓய்வு என்பதற்குள் என்ன இருக்கிறது என்று தேடியபோது, சபீனே சோனன்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் வகுத்த ஒரு பகுப்பு கண்ணில் பட்டது. வேலைக் களைப்பிலிருந்து மீள்வதற்கு உதவும் அனுபவங்களை அவர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள். வேலையிலிருந்து மனம் விலகியிருப்பது, உடலும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுக் கைவரப் பெறுவது, நேரம் தன் கையில் இருப்பது. நான்கில் எதற்கும் டிக்கெட் தேவையில்லை என்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். மறுநிமிடமே இன்னொன்றும் உறைத்தது. வீட்டை நடத்துகிறவருக்கு வீட்டில் மிக அரிதாகக் கிடைப்பது முதலாவதும் கடைசியும்தான். அலுவலகம் போகிறவருக்கு அலுவலகம் கண்ணில் படாவிட்டால் மனம் விலகிவிடும். வீட்டையும் சேர்த்து நடத்துகிற எனக்கோ வேலையிடமே நான் ஓய்வெடுக்க உட்கார்ந்திருக்கும் அறை. சோபாவில் சாய்ந்தால் எதிரே மடிக்காத துணி தெரிகிறது. தண்ணீர் குடிக்கப் போனால் தொட்டியில் தட்டுகள். நேரம் தன் கையில் இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்? ஒரு மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும் என்று தெரிந்தவர் பதினொரு மணிக்கே எழுந்துவிட வேண்டியவர்.

காகிதத்தின் பின்பக்கம்

அடுத்த விடுமுறை நெருங்கியபோது, ஒரு மாலை கணவர் அச்சடித்துப் பயன்படாமல் கிடந்த காகிதம் ஒன்றை எடுத்துவைத்து, நூலகம், அருங்காட்சியகம், பக்கத்து ஏரி என்று போகக்கூடிய இடங்களை எழுதத் தொடங்கினார். "இடங்கள் இருக்கட்டும். காலையில் கண்விழித்ததிலிருந்து இரவு விளக்கணைக்கும்வரை இந்த வீட்டில் என்னென்ன நடக்கிறது என்று முதலில் எழுதுங்கள்" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் எழுதினார். சமையல், பாத்திரம், துணி, பெருக்குவது துடைப்பது, கடைக்குப் போவது, பிள்ளைகளை விட்டுவிட்டு அழைத்துவருவது. எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு அது முழுப் பட்டியல். நான் பேனாவை எடுத்தேன்.

சமையல் என்ற ஒரு சொல்லுக்குக் கீழே, என்ன சமைப்பது என்று முடிவெடுப்பது, எது தீரப்போகிறது என்று பார்த்துவைப்பது, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று நினைவில் வைப்பது, நேற்று மிஞ்சியதை எப்போது முடிப்பது, அடுப்பைத் துடைப்பது, காய்ந்த பாத்திரங்களை இடம் பார்த்து அடுக்குவது என்று எழுதிக்கொண்டே போனேன். துணி என்ற சொல்லுக்குக் கீழே, அழுக்கைத் திரட்டுவது, சாயம் போவதைத் தனியே எடுப்பது, மழை வருமா என்று வானம் பார்ப்பது, மடிப்பது, அவரவர் அலமாரித் தட்டில் வைப்பது. பிறகு அவர் பட்டியலில் இல்லாதவை. மாமனாரின் மாத்திரை எந்த நாளில் தீரும், பள்ளியிலிருந்து வந்த எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், எந்தக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, யார் வீட்டு விசேஷத்துக்கு யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். காகிதத்தைத் திருப்பி, அச்சடித்த வரிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் எழுத வேண்டியதாயிற்று. மகள் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இதெல்லாம் தினமும் நடக்கிறதா அம்மா?" என்றாள். கணவர் காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "செய்வதைவிட நினைவு வைத்திருப்பதுதான் பெரிய வேலை போலிருக்கிறதே" என்றார். இத்தனை ஆண்டுகளில் இதைவிட எனக்கு ஆறுதலான ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அந்த விடுமுறைக்கான திட்டம் தொடங்கியது என்று சொல்வேன்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போட்டோம். அந்த நாட்களில் நடக்காமலே போனாலும் பரவாயில்லை என்பவற்றுக்கு ஒரு குறி. முன்கூட்டியே முடித்துவிடலாம் என்பவற்றுக்கு இன்னொன்று. நடந்தே ஆக வேண்டும் என்பவற்றுக்கு ஒரு பெயர். அப்படிப் பெயர் எழுதியபோது நான் பிடிவாதமாக ஒரு விதியைச் சேர்த்தேன். வேலையை எடுத்துக்கொள்கிறவர் அதை நினைவு வைத்திருப்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். "இப்போது என்ன செய்யட்டும்?", "அது எங்கே இருக்கிறது?" என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் வேலைப் பங்கீடு வெறும் கைமாற்றம்தான், மேற்பார்வை என்னிடமே தங்கிவிடும். துணிக்கு இஸ்திரி போடுவதை விட்டுவிட்டோம், அது நடக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவே இல்லை. பெருக்குவதில்தான் வாக்குவாதம் வந்தது. சில நாள் தூசி இருந்தால் என்ன என்றார் கணவர். காலில் தூசி ஒட்டினால் எனக்கு உட்கார மனம் வராது என்றேன். அது மகன் பெயருக்குப் போனது. அவன் பெருக்கினால் தூசியை வாசற்படிவரை கொண்டுவந்து அங்கே ஒரு கோடுபோல விட்டுவிடுவான். அள்ளிப் போட வேண்டும் என்பது முதலில் அவனுக்குத் தோன்றவில்லை. நான் நாற்காலியில் அமர்ந்தபடி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்தேன். மறுநாள் அவனே அதைத் தாண்டும்போது காலில் ஒட்டியதைப் பார்த்துவிட்டு முறத்தைத் தேடிப் போனான்.

மனத்தை எப்படிக் காலி செய்வது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, முடிக்காத வேலை மனத்துக்குள் வந்து வந்து தொந்தரவு செய்கிறது. அந்த வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டாலே தொந்தரவு அடங்கிவிடுகிறது. ஆகவே தள்ளிப்போட்ட ஒவ்வொன்றுக்கும் விடுமுறை முடிந்தபின் ஒரு நாளையும் நேரத்தையும் எழுதி, அந்தத் தாளை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். வீட்டில் விடுமுறை எடுக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். வெள்ளையடிப்பது, பரணைச் சுத்தம் செய்வது, உடைந்த கதவைச் சரிபார்ப்பது போன்றவற்றை "லீவில் இருக்கிறோமே" என்று உள்ளே விட்டுவிடாதீர்கள். அவையெல்லாம் நல்ல வேலைகள்தான். வேலைகள் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

பணம் எங்கே போக வேண்டும்

பயணத்துக்கு ஆகியிருக்கக்கூடிய தொகையில் சிறு பங்கை ஒதுக்கினாலே வீட்டு விடுமுறை நன்றாக அமையும். ஆனால் அந்தச் சிறு பங்கை முதலில் எதற்குச் செலவிடுகிறோம் என்பது முக்கியம். பெரும்பாலானோர் பொழுதுபோக்கில் தொடங்குவார்கள். உழைப்பை விடுவிப்பதில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வேளை சாப்பாட்டை வெளியிலிருந்து வாங்கினால், சாப்பாட்டோடு சேர்த்து ஒரு முற்பகலே வீட்டுக்கு வந்து சேர்கிறது. துணியை வெளியே வெளுக்கக் கொடுத்தால் இன்னொரு பொழுது. அதற்கு மேல் இருப்பதைச் சிறு சிறு செலவுகளாகச் சிதறவிடாமல், வழக்கமாகச் செய்யாத ஏதாவது ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும்போது பணம் ஓட்டைப் பாத்திரத்துத் தண்ணீர் போலத் தெரியாமல் போகும். கைப்பேசியில் இதை வாங்கினோம், அதை வரவழைத்தோம் என்று போய்விடும். நாங்கள் தொகையை ரொக்கமாக ஓர் உறையில் போட்டுவைத்தோம். கையால் எடுத்துக் கொடுக்கும்போது பிள்ளைகளே "இது வேண்டுமா?" என்று யோசித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், தங்கள் விடுமுறையை அந்த ஆளின் கூடுதல் வேலையாக ஆக்கிவிடக் கூடாது. எல்லோரும் வீட்டில் இருக்கும் நாட்களில் பாத்திரமும் கூடும், அழுக்கும் கூடும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்காகக் கொண்டுவந்த 189-ஆவது உடன்படிக்கை, வாரத்தில் குறைந்தது தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு அவர்களுக்கு வேண்டும் என்கிறது. கூடுதல் வேலை என்றால் கூடுதல் கூலி. அதைவிட நல்லது, நம் விடுமுறையில் ஒரு பகுதியை அவர்களுக்கும் சம்பளத்தோடு கொடுப்பது. நம் வீட்டுக்குள் வேலை செய்கிற ஒருவரை விட்டுவிட்டு ஓய்வைப் பற்றி இவ்வளவு பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பக்கத்தில் இருப்பவை

வரைபடத்தில் வீட்டை நடுவில் வைத்து 2 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர கிலோமீட்டர். அதில் நாம் தினமும் நடமாடுவது வேலைக்கும் கடைக்கும் போகிற ஒரே கோட்டில்தான். அந்தக் கோட்டை விட்டு விலகி, பிள்ளைகள் காட்டிய திசையில் திருப்பத்துக்குத் திருப்பம் நடந்தோம். எத்தனையோ முறை ஏறிய பஸ்ஸில் நம் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பினோம். பல அருங்காட்சியகங்களில் குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் இல்லை. ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற அவசரமும் உள்ளூர்க்காரர்களுக்கு இல்லை, ஒரு கூடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம். வெளியூரிலிருந்து வருகிறவருக்குக் கிடைக்காத வசதி இது.

மகளுக்கு மிகவும் பிடித்தது மொட்டைமாடிதான். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. நமக்கு இருட்டியபின்னும் அவ்வளவு உயரத்தில் சூரிய ஒளி படுவதால், அந்தியிலோ விடியலுக்கு முன்போ அது நம் தலைக்கு மேலே கடந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். எந்த நாளில், எந்தத் திசையிலிருந்து வரும் என்ற விவரம் இணையத்தில் கிடைக்கிறது. விமானம் போல விட்டுவிட்டு மினுக்காது, ஓசையும் கிடையாது, ஒரே சீரான வெளிச்சமாக நகரும். மகன் எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டு நிற்க, "அதோ, அதோ" என்று மகள் அவன் தலையைப் பிடித்துத் திருப்பினாள். அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள், 2000-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அங்கே ஆளில்லாத நாளே இல்லை என்று சொன்னதும் அவன் கையசைக்க ஆரம்பித்துவிட்டான். நடுவானத்தைத் தாண்டிக் கீழ்த்திசையில் இறங்கும்போது, பூமியின் நிழலுக்குள் நுழைந்து பாதியிலேயே மங்கி மறைந்தது. எந்த மலையுச்சிக்குப் போயிருந்தாலும் அன்று அவ்வளவு நேரம் நாங்கள் ஒன்றாக நின்று மேலே பார்த்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விடுமுறைப் பயணம் போகிறவர்கள் போவதற்கு முன்புதான் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பியபின், மிக நிதானமான விடுமுறை அமைந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. எதிர்பார்ப்பதற்கே இவ்வளவு பலன் இருக்கிறதென்றால் அதை வீட்டு விடுமுறைக்கு ஏன் மறுக்க வேண்டும்? தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் முன்கூட்டியே குறித்து, பயணம் போவதாக இருந்தால் யார் யாருக்குச் சொல்வோமோ அவர்களுக்கெல்லாம் சொன்னோம். "வீட்டில்தானே இருக்கிறீர்கள், வருகிறோம்" என்ற உறவினர்களிடம், அந்த நாட்கள் கழித்து வாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். ஒருவருக்குச் சற்று வருத்தம்தான். பிறகு நேரில் போய்ப் பேசிச் சரிசெய்துகொண்டோம். அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், வழக்கமான வார இறுதியையே விடுமுறையாகப் பாவித்துக் கழிக்கும்படி சிலரிடம் சொன்னார்கள். அவர்கள் திங்கட்கிழமை மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். வீட்டுவேலையைக் குறைத்திருந்தார்கள். அதைவிட முக்கியமாக, நடந்துகொண்டிருப்பதில் மனம் ஊன்றி இருந்திருக்கிறார்கள். எனக்கு இது புரிகிறது. அடுத்த வேலை எது என்ற எண்ணம் ஓடாதபோதுதான் முன்னால் இருப்பவர் பேசுவது காதில் விழுகிறது.

இவ்வளவும் சொன்னபிறகும் என் மனத்தில் தீராமல் நிற்பது அக்காவின் நிலைமை. படுக்கையில் இருக்கும் மாமியாரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பட்டியல் போட்டுக் குறி வைக்கச் சொன்னபோது, "நடந்தே ஆக வேண்டும் என்ற குறிதான் எல்லாவற்றுக்கும் விழும், எழுதுவதற்கு வேறு பெயரும் இல்லை" என்றாள். பொய்யில்லை. ஒரே அறையில் குடும்பமே வாழ்கிறவர்களுக்கும், கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறவர்களுக்கும் இதேதான். நான் எழுதியிருக்கும் எதுவும் அவர்களுக்குத் தனியாகச் செய்துகொள்ள முடியாதது, வெளியிலிருந்து ஒரு பெயர் அவர்கள் பட்டியலுக்குள் வந்தாக வேண்டும். அக்காவின் பட்டியலை வாங்கி வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தோம். மருந்து வேளைகளுக்கு என் பெயர், கடைக்கும் துணிக்கும் கணவர் பெயர், மாமியாருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுவதற்கு மகள் பெயர். பெருக்குவதை மகன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். அடுத்த மாதக் கடைசி வார இறுதியில் அவள் வீட்டுக்குப் போகிறோம். மாமியாரைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று முந்தின வாரமே வந்து கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு, எது எப்படி நடக்கிறது என்று எங்களிடம் கேட்க வர மாட்டேன் என்று அவளும் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.